சக்கரம் வைத்த கதவு

அந்தப் பயிற்சிக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். ஒன்று நிஜக் கதவு. அதைத் திறந்தால் மாடிப்படி, படியிறங்கினால் ரொட்டிக்கடை, அதைத் தாண்டினால் தெரு. இன்னொன்று கூடத்தின் நடுவே சட்டத்தோடு நிறுத்தி வைத்திருக்கும் கதவு. அடியில் சக்கரம். கைப்பிடி உண்டு, தாழ்ப்பாள் உண்டு, அழைப்புமணிப் பொத்தான்கூட உண்டு. அமுக்கினால் சத்தம்தான் வராது. இந்தப் பக்கம் திறந்து போனால் அந்தப் பக்கமும் அதே கூடம்தான்.

வீட்டு உதவியாளர் வேலைக்குப் படிக்க வருகிறவர்கள் ஆரம்பத்தில் அந்தக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பார்கள். "தட்டணும். நிக்கணும். யாருன்னு சொல்லணும். உள்ள வரலாமான்னு கேக்கணும். தொறந்துதானே கெடக்குன்னு சடார்னு நுழையக் கூடாது. அது உங்க ஆபீஸ் இல்ல, அவங்க வீடு" என்று சொல்லிச் சொல்லி டீச்சருக்குத் தொண்டை வறண்டுபோகும்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். மறதி நோய் வந்தவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதற்காகத்தான் கூடத்தின் ஒரு மூலையில் கட்டில், இன்னொரு மூலையில் தண்ணீர் வராத குழாயும் எரியாத அடுப்பும். எல்லாமே பொய்யாக இருந்த அந்த இடத்தில் நிஜம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் வேலையோ நடிப்பது.

அவரை எல்லாரும் ஹீரோ என்றார்கள். எந்தக் காலத்து மாணவியோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. துணிக்கடையில் ஆயுசு முழுக்க விற்பனைக்காரராக நின்றவர். பிடிக்காத துணியையும் பிடிக்க வைத்துவிடும் வாய். அவருடைய அண்ணனுக்கு மறதி நோய் வந்தபோது கடைசிவரை கூட இருந்து பார்த்தவர். அந்த அனுபவம் வீணாகப் போகக் கூடாதென்று தானாகவே மாடியேறி வந்து, "நோயாளியா நடிக்க ஆள் வேணுமா?" என்று கேட்டவர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டாள். என்னென்ன குழப்பம் வரும், எப்படி மழுப்புவார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று மிச்சத்தை அவளே சொல்லிக்கொடுத்தாள்.

அவருக்கு ஒரு பழுப்பு ஸ்வெட்டர், முழங்கை தேய்ந்தது. அதைப் போட்டுக்கொண்டால் நடிப்பு ஆரம்பம். கழற்றி நாற்காலிக் கையில் போட்டால் நடிப்பு முடிந்தது என்று அர்த்தம். "ஸ்வெட்டர் போட்டா நோயாளி, கழட்டினா மனுஷர்" என்று டீச்சர் எப்போதோ ஒரு ஜோக் அடித்திருந்தாள். ஒவ்வொரு புது வகுப்புக்கும் அதை எடுத்துவிடுவாள், ஒவ்வொரு வகுப்பும் சிரிக்கும். நாள் முழுக்க நோயாளியும் மனுஷர்தான் என்று பாடம் எடுக்கிறவள் வாயில் அந்த ஜோக் எப்படி உட்கார்ந்தது என்று அவளும் யோசித்ததில்லை, கேட்டவர்களும் யோசித்ததில்லை.

ஸ்வெட்டரைக் கழற்றியதும் அவர் சொல்வதுதான் அந்தக் கூடத்தின் உண்மையான பாடம். "பின்னாடி இருந்து தோளைத் தொட்டீங்க. திருடன்னு நெனச்சுட்டேன். முன்னாடி வந்து மூஞ்சியக் காட்டுங்க." "என் பொண்டாட்டிகிட்ட என்னைப் பத்திப் பேசினீங்க. நான் என்ன மேசையா நாற்காலியா?" இப்படி. டீச்சரின் பாடத்தில் பாதி அவர் சொல்லக் கேட்டுச் சேர்த்ததுதான்.

அன்றைய பாடம் 'வீட்டுக்குப் போகணும்'. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிப்பவரை என்ன செய்வது? "இதுதாங்க உங்க வீடு" என்று சொன்னால் தொலைந்தது. திருத்தாதே, கூடப் போ, அந்த வீட்டைப் பற்றிக் கேள். இதுதான் பாடம்.

ஹீரோ கையில் துணிப்பையோடு நின்றார். வகுப்பில் தையல்காரம்மா என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணின் முறை. தையல் வேலையில் கண் போய்விடும்போலிருக்கிறது என்று இதற்குப் படிக்க வந்தவள்.

"நான் கெளம்புறேன். கடை தொறக்கணும். மொதலாளி திட்டுவார்" என்றார் ஹீரோ.

தையல்காரம்மா முன்னால் வந்து முகத்தைக் காட்டினாள். "மொதலாளி ரொம்பக் கண்டிப்போ, ஐயா?"

"கண்டிப்பா! கொஞ்சம் லேட்டானா அன்னிக்கு முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவார்."

"நீங்க லேட்டா போயிருக்கீங்களா?"

"ஒரே தடவை. என் கல்யாணத்தன்னிக்கு."

வகுப்பே சிரித்தது. பத்து வார்த்தை பேசுவதற்குள் பையைக் கீழே வைக்கவைத்து, கட்டிலில் உட்காரவைத்து, முதலாளியின் மீசையைப் பற்றிப் பேசவைத்துவிட்டாள் தையல்காரம்மா. டீச்சருக்கு வாயெல்லாம் பல்.

"அருமை. சரி, முடிஞ்சுது. ஸ்வெட்டர்" என்றாள்.

ஹீரோ அவளைப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரின் பொத்தான்களைப் பார்த்தார். "குளிருதே" என்றார்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற எல்லாருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. மறுபடி சிரிப்பு.

"பரவாயில்ல, போட்டுக்கிட்டே சொல்லுங்க. இவங்க எப்படிப் பண்ணாங்க?"

"நல்ல பொண்ணு" என்றார். தையல்காரம்மாவின் தலையில் கைவைத்தார். "அம்மாவக் கேட்டேன்னு சொல்லு, என்ன?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைசி வரிசையில், முன்பு வாயில்காப்பவராக வேலை பார்த்த செக்யூரிட்டி அண்ணன் விசிலே அடித்தார். "பின்னிட்டார் ஹீரோ! கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கலயே!"

டீச்சரும் கைதட்டினாள். ஆனால் கை தட்டிக்கொண்டிருந்தபோதே ஏதோ இடறியது. மதிப்பீடு சொல்லும் நேரத்தில் அவர் ஒருபோதும் விளையாடியதில்லை. அல்லது, விளையாடியிருக்கிறாரோ? அவள் நினைவுக்கு ஒரு பழைய கூத்து வந்தது. 'வீட்டை விட்டுக் காணாமல் போனால்' என்ற பாடத்தன்று மனுஷர் அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். வகுப்பு முழுக்கத் தெருவில் இறங்கி ஓடித் தேடியது. திரும்பி வந்து பார்த்தால் பிஸ்கட் தின்றுகொண்டு நிற்கிறார்: "தெருவெல்லாம் தேடுனீங்க, ரூமுக்குள்ள தேடுனீங்களா?" புலி வருது, புலி வருது என்று பழக்கிவைத்த ஆள். இப்போது வந்திருப்பது புலியா, அவரா?

தேநீர் இடைவேளையில் எல்லாரும் ரொட்டிக்கடைக்கு இறங்கிப் போனார்கள். டீச்சர் மட்டும் போகவில்லை. அலமாரியைத் துடைக்கிற சாக்கில் நின்று அவரைப் பார்த்தாள்.

ஹீரோ எழுந்து சக்கரம் வைத்த கதவுக்குப் போனார். தாழ்ப்பாளை விலக்கித் திறந்தார். எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போனார். கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், திரும்பி இந்தப் பக்கம் வந்தார். மறுபடி மூடினார். மறுபடி திறந்தார். இத்தனை வருஷமாக அவர் கையாலேயே திறந்து மூடிய கதவு அது. சிரிப்பதற்கு ஒரு ஆள்கூட இல்லாத நேரத்தில் யாருக்காக இந்த நடிப்பு?

ஆனால் அலமாரிக் கதவில் ஒரு கண்ணாடி உண்டு. அதில் அவள் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அப்படியானால் அவளுக்காக நடிக்கிறார். அவளைச் சோதிக்கிறார். அதுவும் அவருக்குக் கைவந்த கலைதான்.

நேராகக் கேட்டுவிடுவது என்று கிட்டே போனாள்.

"இன்னிக்கு என்ன கிழமைங்க?"

அவர் சிரித்தார். "ஏன் டீச்சர், உங்களுக்கே தெரியாதா?"

பதில் தெரியாவிட்டால் கேள்வியையே திருப்பிவிடுவார்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"உங்க வீடு எங்க இருக்கு?"

"இருக்குற எடத்துலதான் இருக்கு."

சிரித்து மழுப்புவார்கள் என்பதும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"சரி, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"நீங்க டீச்சர்" என்றார் பட்டென்று. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மறுபடி போனது. அங்கே எல்லாரும்தான் அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். காதில் விழுந்ததைச் சொல்ல ஞாபகசக்தி எதற்கு?

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள்; இங்கே வாத்தியாரே மக்கு. ஒரு மனிதருக்கு மறதி நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவளுக்குத் தெரிந்த அத்தனை வழியையும் அவருக்கே சொல்லிக்கொடுத்துத் தீர்த்துவிட்டாள். நோய் இருந்தாலும் இப்படித்தான் பேசுவார், இல்லாவிட்டாலும் இப்படித்தான் பேசுவார். ஊரில் யாருக்கு வந்தாலும் முதலில் தெரிந்துகொள்ளக்கூடிய இடம் அந்தக் கூடம். தெரிந்துகொள்ளவே முடியாத ஒரே ஆள் அவர்.

இடைவேளை முடிந்து வந்தவர்களை, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினாள். செக்யூரிட்டி அண்ணன் போகிறபோக்கில் ஹீரோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், பரீட்சையன்னிக்கு எனக்கு இவ்வளவு கஷ்டமா நடிச்சுடாதீங்க" என்றார். ஹீரோ பெரிய மனதோடு தலையாட்டினார்.

எல்லாரும் இறங்கிப் போய், அவர் மட்டும் வராததைக் கண்டு, அவருடைய மனைவி மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கொஞ்ச காலமாகவே அந்தம்மா பாட நாளில் கூடவே வந்து ரொட்டிக்கடையில் காத்திருப்பார். அறுபது தாண்டியும் விட்டுப் பிரியாத ஜோடி என்று வகுப்பில் கேலி. டீச்சரும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டவள்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்று அவரை மாடிப்படி வாசலுக்கு அழைத்துப் போனாள். ஹீரோ கட்டிலில் இருந்த விரிப்பை எடுத்துக் கடைக்காரர் மடிப்பாக மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் உதறினார். மறுபடி மடித்தார்.

"அக்கா, அவருக்கு..." என்றாள் டீச்சர்.

"தெரிஞ்சுருச்சா" என்றார் அக்கா. கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை.

"எப்பத்திலிருந்து?"

"நான் கூட வர ஆரம்பிச்சதிலிருந்து. நீங்க எல்லாம் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுக்கிட்டேன்."

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஆனா போன வகுப்புலகூட ஒவ்வொருத்தருக்கும் அத்தனை சரியா சொன்னாரே. பின்னாடி இருந்து தொடாதீங்கன்னு, அவசரப்படுத்தாதீங்கன்னு..."

"கீழ ரொட்டிக்கடையில வெச்சு நான் சொல்லிக்குடுப்பேன். இன்னிக்கு இத சொல்லுங்கன்னு. மாடியேறுற வரைக்கும் சொல்லிக்கிட்டே வருவார்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எல்லாம் வீட்டுல நடந்ததுதான். நான் பின்னாடி இருந்து தொட்டேன், அவர் பதறிட்டார். நான் அவசரப்படுத்தினேன், சட்டையப் போட மாட்டேன்னு உக்காந்துட்டார். இன்னிக்குக் கடையில கூட்டம். சொல்லிக்குடுக்க முடியல."

தன் பாடத்தில் பாதியை யாரிடமிருந்து படித்தோம் என்று டீச்சருக்கு இப்போது புரிந்தது. மிச்சம் எதுவும் புரியவில்லை. கோபப்படுவதா, அந்தம்மாவைக் கட்டிக்கொள்வதா? ஒரு நோயாளியை நோயாளியாக நடிக்கவைத்து, அவர் தடுமாற்றத்துக்கெல்லாம் கைதட்டியிருக்கிறாள். இதைவிடக் கேவலம் உண்டா? ஆனால் அவர் சந்தோஷமாகத்தானே வந்துபோனார்? அது என்ன கணக்கில் சேரும்?

"ஏன்க்கா என்கிட்ட மறைச்சீங்க?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவீங்க. அவர் எங்க போனாலும் திருத்துறாங்க டீச்சர். பையன் திருத்துறான், கடைக்காரர் திருத்துறார், நானே திருத்துறேன். அது இல்ல, இது இல்ல, இப்பதானே சொன்னேன்னு. இங்க ஒரு எடத்துலதான் தப்பா சொன்னா கைதட்டுறாங்க. வீட்டுக்கு வந்தா அன்னிக்கு முழுக்க நெஞ்ச நிமித்திக்கிட்டு நடப்பார். இதையும் நிறுத்திட்டீங்கன்னா அவருக்குப் போறதுக்குன்னு ஒரு எடம் கெடையாது."

"மத்தவங்களுக்கு சொல்லாம இருக்க முடியாதுக்கா. அவங்கள ஏமாத்துற மாதிரி. அவரையும்தான்."

"சொன்னா கைதட்டுவாங்களா?"

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது: அவர் இருக்கும்போதே, அவர் காதுபட, அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன மேசையா நாற்காலியா? ஊருக்குத்தான் உபதேசம்.

திரும்பிப் பார்த்தாள். ஹீரோ துணிப்பையை எடுத்துக்கொண்டு சக்கரம் வைத்த கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாளைப் போட்டிருந்தார். சட்டத்துக்கு வெளியே அவர் தோளும் ஸ்வெட்டர் கையும் தெரிந்தன.

"என்னங்க, போற வழி அது இல்ல..." என்று அக்கா ஆரம்பித்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். எத்தனையோ பேரைத் தட்டவைத்தவள், தான் ஒருமுறையும் அதைத் தட்டியதில்லை. தட்டினாள். நின்றாள். "டீச்சர் வந்திருக்கேன். உள்ள வரலாமா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அழக் கூடாது என்று நினைத்தாள். அழுகை அவளைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

தாழ்ப்பாள் விலகியது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா?" என்றார். "வாங்க, வாங்க. மொத நாள் எல்லாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். பயப்படாதீங்க." ஒவ்வொரு வகுப்பின் முதல் நாளும் அந்தக் கதவைத் திறந்து அவர் சொல்வது அதைத்தான்.

அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஸ்வெட்டரை உதறி நாற்காலிக் கையில் போட்டார். வாசலில் நின்ற அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது டீச்சருக்குத் தெரிந்தது.

"தட்டிட்டு வந்தீங்க, அது சரி" என்றார். "யாருன்னு சொன்னீங்க, அதுவும் சரி. ஆனா அழுதுக்கிட்டு வந்தீங்க. அதைப் பாத்து, எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சோன்னு பயம் வந்துருச்சு."

டீச்சர் அக்காவைப் பார்த்தாள்.

"இது நான் சொல்லிக்குடுக்கல" என்றார் அக்கா மெல்ல.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு அப்போதும் தெளிவாகவில்லை. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

"அடுத்த பாடத்துக்கு வருவீங்களா?" என்று அவரையே கேட்டாள். "ஸ்வெட்டர் வேண்டாம். நடிக்க வேண்டாம். சும்மா நீங்களா வந்து உக்காருங்க, இப்ப சொன்னீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க. வகுப்புல நான் விஷயத்த சொல்லிடறேன்."

"என்ன விஷயம்?"

"உங்களுக்கு மறதி வந்திருக்குன்னு."

ஹீரோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அழுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் வந்ததோ இரக்கம். மனைவியைச் சைகை காட்டிக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தியும் நன்றாகவே கேட்டது.

"பாவம்மா இவங்க. காலையிலேருந்து இன்னிக்கு என்ன கிழமைன்னு என்கிட்டயே கேட்டுக்கிட்டிருக்காங்க. என் வீடு எங்கன்னு கேக்குறாங்க. தான் யாருங்கிறதையே என்கிட்டதான் கேக்குறாங்க. எவ்வளவு நல்லா பாடம் நடத்தின பொம்பள." தலையை ஆட்டினார். "நீ எதுவும் சொல்லிடாத. திருத்தாத. நாம வந்து போய்க்கிட்டு இருப்போம்."

பிறகு எழுந்தார். முன்னால் வந்தார். குனிந்து, அவளுக்குத் தெரியும்படி முகத்தைக் காட்டினார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம, டீச்சர்" என்றார் பொறுமையாக.

அன்று வியாழக்கிழமை.

"ஆமாங்க" என்றாள் டீச்சர்.